ஊசி பிடிக்கும் கைக்கும் படிப்பு வேண்டும்!

தடுப்பூசி போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு நிமிடம்கூட ஆகாது. நர்சு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார். குழந்தையின் தொடையில் குத்துகிறார். குழந்தை "வீல்" என்று அலறுகிறது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான்!

"இது என்ன பெரிய வித்தை? இதற்கு ஒரு படிப்பா?" என்று சிலர் கேட்கலாம்.

ஆம், படிப்புதான்! அந்தப் படிப்பு இல்லாதவர்கள் ஊசியைத் தொட்டதால் ஒரு நாட்டில் 15 குழந்தைகள் இறந்தன. படித்தவர்களே பாடத்தை மறந்ததால் இன்னொரு நாடு முழுவதும் கண்ணீர் விட்டது.

இரண்டும் நடந்த கதை. கேளுங்கள்.

12 வயதுப் பிள்ளைகள் போட்ட ஊசி

ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் என்று ஒரு நாடு இருக்கிறது. 2011-ம் ஆண்டில் சுதந்திரம் பெற்ற நாடு. உள்நாட்டுச் சண்டையால் நொந்துபோன நாடு.

2017-ம் ஆண்டு மே மாதம் அங்கே ஒரு பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். நான்கு நாட்கள் முகாம் நடந்தது.

ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பலருக்குக் காய்ச்சல் கண்டது. வாந்தி எடுத்தது. 15 குழந்தைகள் இறந்துவிட்டன. எல்லாம் 5 வயதுக்கு உட்பட்ட பிஞ்சுகள்!

விசாரணை நடந்தது. "மருந்தில் கோளாறா?" என்று பார்த்தார்கள். இல்லை. கோளாறு, மருந்தைக் கையாண்ட விதத்தில் இருந்தது.

ஊசி போட்டவர்கள் பயிற்சி பெறாதவர்கள். அவர்களில் 12 வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள்!

அவர்கள் செய்த தவறு என்ன?

தட்டம்மைத் தடுப்பு மருந்து தூளாக வருகிறது. அதைக் கலக்க அதற்கென்றே ஒரு நீர் தனிப் புட்டியில் வருகிறது. கலந்த பிறகு அந்த மருந்துக்கு ஆயுள் சில மணி நேரம்தான். அதற்கு மேல் ஒரு சொட்டுகூட உபயோகிக்கக் கூடாது. வெளியில் வைத்த பால் கெடுவது போல அதில் கிருமிகள் பெருகிவிடும்.

ஒரு புட்டியைக் கலந்த ஊசிக் குழாயை அடுத்த புட்டிக்கு உபயோகிக்கக் கூடாது. ஒவ்வொரு புட்டிக்கும் புதுக் குழாய் வேண்டும்.

அந்த முகாமில் என்ன நடந்தது? நான்கு நாளும் ஒரே குழாயால் புட்டி புட்டியாகக் கலந்தார்கள்! மருந்தைக் குளிரில் வைக்கவும் இல்லை. கிருமிகள் பெருகின. ஊசி வழியாகக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தன.

காப்பாற்ற வந்த மருந்தே எமனாகிவிட்டது!

ஒரு புட்டி மாறியது!

தெற்கு சூடானில் பயிற்சி இல்லாத குறை. ஆனால் பயிற்சி பெற்றவர்களும் தவறலாம் என்பதற்கு அடுத்த கதை சாட்சி.

பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு தீவு நாடு. ஜனத்தொகை சுமார் 2 லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகரத்துக்குச் சமம்.

2018-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒரு குழந்தை இறந்தது. அதே நாளில் இன்னொரு குழந்தையும் இறந்தது!

என்ன நடந்தது தெரியுமா?

தடுப்பு மருந்துத் தூளைக் கலக்க வேண்டிய நீருக்குப் பதிலாக வேறொரு மருந்தைக் கலந்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்காக டாக்டர்கள் கொடுக்கும் மருந்து அது. மூச்சு விடுவதற்கும் தசை வேலை செய்ய வேண்டுமல்லவா? அந்த மருந்து பச்சைக் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிட்டது.

புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை ஒரு தடவை படித்திருந்தால் போதும். இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும்!

இரண்டு நர்சுகள் மீது வழக்கு நடந்தது. 2019-ல் இருவருக்கும் 5 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை.

போன நம்பிக்கை

குழந்தைகள் இறந்த செய்தி ஊர் ஊராகப் பரவியது. "தடுப்பூசி ஆளைக் கொல்லும்" என்ற வதந்தியும் கூடவே பரவியது. அரசாங்கம் அந்தத் தடுப்பூசியைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. மறுபடி தொடங்கியபோது பல தாய்மார்கள் வர மறுத்தார்கள்.

சமோவாவில் தடுப்பூசி போடும் குழந்தைகளின் எண்ணிக்கை முன்பே குறைந்து வந்தது. இப்போது அது இன்னும் சரிந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்பு இருந்தது.

2019-ம் ஆண்டு பக்கத்து நாடான நியூசிலாந்தில் தட்டம்மை பரவியது. அங்கிருந்து அது சமோவாவுக்கு வந்து சேர்ந்தது. காய்ந்த வைக்கோலில் விழுந்த நெருப்புப் போலப் பரவியது.

5,700 பேருக்கு மேல் நோய் கண்டது. 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்.

டிசம்பர் 5, 6 ஆகிய இரண்டு நாளும் அரசாங்க ஆபீஸ்களை மூடினார்கள். எல்லோரும் வீடு வீடாகத் தடுப்பூசி போடும் வேலைக்குக் கிளம்பினார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று உத்தரவு. வெளிநாடுகளில் இருந்தும் டாக்டர்களும் நர்சுகளும் வந்து உதவினார்கள். அந்த மாத முடிவுக்குள் நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி போட்டு முடித்தார்கள். நோய் அடங்கியது.

மருந்து அதே மருந்துதான்! கலக்கிய கை தவறியபோது இரண்டு குழந்தைகள் இறந்தன. அதனால் ஊசிக்குப் பயந்து விலகியபோது 83 உயிர்கள் போயின. சரியான கைகளில் அந்த மருந்து வந்தபோது நாடு பிழைத்தது.

என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்?

தடுப்பூசி போடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், ஊசி குத்துவது அல்ல. குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொள்வது!

ஊசி மருந்துகளை 2 டிகிரி முதல் 8 டிகிரி வரை உள்ள குளிரில் வைக்க வேண்டும். சூடு ஏறினாலும் கெடும். சில மருந்துகள் உறைந்தாலும் கெடும். அதனால் காலையும் மாலையும் பெட்டியின் குளிரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் எழுத வேண்டும். தீபாவளிக்கும் எழுத வேண்டும்!

அந்தப் பெட்டியில் தடுப்பு மருந்தையும், அதைக் கலக்கும் நீரையும் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. சாப்பாடு கூடாது. தண்ணீர்ப் பாட்டில் கூடாது. வேறு நோய்க்கான மருந்தும் கூடாது. ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் கை மாறிவிடும்.

அடுத்த பாடம், புட்டியைப் படிப்பது. பெயர் என்ன? தேதி முடிந்துவிட்டதா? புட்டியின் மேல் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் உபயோகிக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மூன்றாவது பாடம், இடம் அறிந்து குத்துவது. கைக்குழந்தைக்குத் தொடையின் நடுவில், வெளிப்பக்கமாகப் போடுவார்கள். பின்புறத்தில் போடுவதில்லை. அங்கே ஓடும் பெரிய நரம்பில் ஊசி பட்டால் கால் பாதிக்கும். காசநோய்த் தடுப்பூசியை இடது தோளில், தோலுக்குள்ளேயே போட வேண்டும். சரியாகப் போட்டால் பட்டாணி போலச் சிறு கொப்புளம் எழும்பும். கை பழகுவதற்காக ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்க்கச் சொல்வதும் உண்டு.

நான்காவது பாடம், ஊசிக்குப் பிறகு கவனிப்பது. பத்து லட்சம் ஊசிகளில் ஒன்றுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறல் வரலாம். வந்தால் உடனே மாற்று மருந்து போட வேண்டும். அதனால்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

மருந்துக் கடையில் ஊசி!

இந்தப் பாடங்களை நர்சுகள் மட்டும்தான் கற்க வேண்டுமா? மருந்துக் கடைக்காரர் கற்றால் என்ன?

அமெரிக்காவில் அப்படித்தான் யோசித்தார்கள். ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும். மருந்துக் கடையோ தெரு முனையில் இருக்கும். இரவிலும் திறந்திருக்கும். 1994-ம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் மருந்தாளுநர்களுக்கு ஊசி போடப் பயிற்சி கொடுத்தார்கள். 1996-ல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் நாடு முழுவதற்கும் ஒரு பயிற்சியை உண்டாக்கியது.

அது 20 மணி நேரப் பயிற்சி. ஒரு பகுதி வீட்டில் படிப்பது. இன்னொரு பகுதி வகுப்பில் செய்வது. பரீட்சை உண்டு. ஆசிரியர் கண் முன்னால் ஊசி போட்டுக் காட்ட வேண்டும். மூச்சு நின்றவருக்கு முதல் உதவி செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். தோள் எலும்புக்கு இரண்டு, மூன்று விரற்கடை கீழேதான் குத்த வேண்டும் என்பதுகூடப் பாடம். மேலே குத்தினால் மூட்டு புண்ணாகி, கையைத் தூக்க முடியாமல் போகும்!

2009-க்குள் அங்கே 50 மாநிலங்களிலும் இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. கொரோனா காலத்தில் கோடிக்கணக்கான ஊசிகளை மருந்துக் கடைகளிலேயே போட்டார்கள்.

நம் நாட்டில்

நம் நாட்டின் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் கடையில் ஊசி போடும் வழக்கம் இல்லை. கிராம சுகாதார நர்சுதான் போடுகிறார். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

ஆனால் மருந்தாளுநருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு மருந்துக் குளிர்ப்பெட்டி அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அதற்கென்று அவருக்குத் தனிப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர் ஊசியைத் தொடுவதில்லை. ஆனால் அவர் கவனித்துக் காத்த மருந்துதான் உங்கள் குழந்தையின் உடம்பில் ஏறுகிறது!

தாய்மார்கள் செய்ய வேண்டியது

நர்சு படித்தால் மட்டும் போதாது. நாமும் நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசி போட்டதும் நர்சு நான்கு செய்தி சொல்ல வேண்டும் என்பது விதி. இது எந்த நோய்க்கான ஊசி? காய்ச்சல், வீக்கம் வந்தால் என்ன செய்வது? அடுத்த ஊசி எப்போது? அட்டையை பத்திரமாக வைத்து, மறக்காமல் கொண்டு வாருங்கள். இந்த நான்கும்தான். அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறாரா என்று பாருங்கள். கலக்கிய மருந்தானால், கலந்த நேரம் புட்டியில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். தேய்க்காதீர்கள். பஸ் போய்விடும் என்று அவசரப்பட்டு அரை மணி நேரத்துக்குள் எழுந்து போகாதீர்கள்.

"ஊசி போடப் பயமாக இருக்கிறதே" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால், அவளிடம் சமோவாவின் கதையைச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டு குழந்தைகள் இறந்ததை மட்டும் சொன்னால் அது வதந்தி. பிறகு ஊசி இல்லாமல் 83 பேர் இறந்ததையும், ஊசி வந்து நாடு பிழைத்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடம்!