விலை குறைந்த ஒயின்... விருந்துக்கு ஆகுமா?

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. மதுக்கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர். ஆனால், அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவது பிராந்தி, ரம், பீர்! பெயரில் மட்டும் இருந்த ஒயின் இப்போது வீட்டு ஹாலுக்கே வர ஆரம்பித்திருக்கிறது. வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வருகிற மகன் ஒரு பாட்டில் கொண்டு வருகிறான். பழைய காலேஜ் நண்பர்கள் ஒன்று சேர்ந்தால், "பிராந்தி வேணாம்ப்பா, ஒயின் வாங்குவோம். டீசன்ட்டா இருக்கும்" என்கிறார்கள். சென்னை, திருச்சி என்றில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கத்திலும் இந்தப் பேச்சு கேட்கிறது.

கூடவே மூன்று கேள்விகளும் வருகின்றன. "பழச்சாறுதானே டாக்டர், என்ன பண்ணிடும்?" "இதயத்துக்கு நல்லதாமே?" "நீங்களே திராட்சாரிஷ்டம் எழுதித் தர்றீங்க... அதுவும் ஒயின்தானே?" பெரும்பாலும் கணவர் கேட்பார். பக்கத்தில் மனைவி, "நல்லா சொல்லுங்க டாக்டர்" என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒயின் என்பது என்ன?

திராட்சையை நசுக்கி வைத்தால், அதில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. அவ்வளவுதான் ஒயின். தோலோடு நொதிக்க விட்டால் சிவப்பு. தோலை நீக்கிவிட்டு நொதிக்க விட்டால் வெள்ளை. காய்ச்சி வடிப்பது கிடையாது. அதனால் சாராயச் சத்து பொதுவாக 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும். பிராந்தியில் 42.8 சதவீதம்.

"அப்போ மூணுல ஒரு பங்குதானே?" என்று சந்தோஷப்படாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

* 150 மில்லி ஒயின் (ஒரு கோப்பை, 12 சதவீதம்): சுமார் 14 கிராம் சாராயம்.
* 60 மில்லி பிராந்தி: சுமார் 20 கிராம்.
* 650 மில்லி பீர் (5 சதவீதம்): சுமார் 25 கிராம்.

அதாவது ஒன்றரைக் கோப்பை ஒயின், ஒரு 'லார்ஜ்' பிராந்திக்குச் சமம். கல்லீரலுக்கு டீசன்ட் தெரியாது. உள்ளே வந்தது எத்தனை கிராம் என்பது மட்டும்தான் தெரியும்.

தமிழனுக்கு ஒயின் புதியதும் அல்ல. யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஒயின் வந்த ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதே தமிழில்தான் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் எழுதி வைத்தார். இரண்டும் நம் வீட்டு வரலாறுதான்!

விலை கூடினால் ருசி கூடுமா?

"சீப்பா வாங்கினா கெடுதல், காஸ்ட்லியா வாங்கினா நல்லது" என்பது பலரின் எண்ணம். இது உண்மையா?

2008-ல் கலிபோர்னியாவில் இருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 பேருக்கு ஒயின் கொடுத்து, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 5 டாலர் என்றும், இன்னொரு முறை 45 டாலர் என்றும் சொன்னார்கள். 45 டாலர் என்றதும் "பிரமாதம்" என்றார்கள். வாய்ப்பேச்சு மட்டுமல்ல, மூளையில் இன்பத்தைப் பதிவு செய்யும் பகுதியே கூடுதலாக வேலை செய்தது. நாக்கு ஒன்றுதான், விலைச்சீட்டுதான் வேறு!

அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னோர் ஆய்வு. விலையையும் பெயரையும் மறைத்து, 6,000-க்கும் மேற்பட்ட முறை ருசி பார்க்க வைத்தார்கள். பயிற்சி இல்லாத சாதாரண மக்களுக்கு, விலை கூடிய ஒயின் சற்றுக் குறைவாகத்தான் பிடித்திருந்தது.

விலையில் பெரும் பகுதி பழத்துக்கே போவதில்லை. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா நீண்ட காலமாக 150 சதவீத இறக்குமதி வரி போட்டு வந்தது. 2022-ல் ஆஸ்திரேலியாவுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் சிலவற்றுக்கு அது குறைந்தது. அதற்கு மேல் மாநில வரி, பாட்டில், லேபிள், விளம்பரம்... எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். நாசிக்கிலும் பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலை அடிவாரத்திலும் விளைகிற திராட்சையில் இருந்து நம் நாட்டிலேயே ஒயின் தயாராகிறது.

ஆகவே, குடிப்பது என்று முடிவு செய்துவிட்டவர் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த சில இனிப்பு ஒயின்களில் சர்க்கரை மிக அதிகம். 'குடிக்க சுலபமா இருக்கு' என்று இரண்டு, மூன்று கோப்பை இறங்கிவிடும்.

ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு

ஒயினை விரும்பும் நாடுகளில் நண்பர்கள் கூடி ருசி பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு: அளவு. ஒரு பாட்டில் 750 மில்லி. எட்டுப் பேர் கூடினால் ஆளுக்கு 100 மில்லிகூட வராது. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். நம் ஊரில் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று கணக்குப் போடுகிறோம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது!

ருசியைச் சொல்வதற்கு அந்நிய வார்த்தைகள் தேவையில்லை. நம் அறுசுவையே போதும். பழத்தின் புளிப்பு, மிச்சமிருக்கிற இனிப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற துவர்ப்பு. வாழைப்பூவைத் தின்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான். காரமான சிக்கன் வறுவலோடு துவர்ப்பு அதிகமான சிவப்பு ஒயின் சேர்ந்தால் எரிச்சல் கூடும். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் வை' என்பது ஐரோப்பியக் குளிருக்குச் சொன்னது. நம் ஊர் அறை 32 டிகிரி! அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் சரிவரும். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். 'இன்னிக்கே தீர்த்துடணும்' என்ற அவசரம் வேண்டாம். அதற்கு மேல் புளித்துக் காடியாகிவிடும்.

இதயத்துக்கு நல்லதா?

இந்தப் பேச்சு எப்படி வந்தது தெரியுமா? பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் நிறையச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று செர்ஜ் ரெனோ என்ற விஞ்ஞானி 1991-ல் அமெரிக்க டி.வி.யில் சொன்னார். ஒயின் விற்பனை எகிறியது!

பிறகு ஆராய்ந்தவர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 'குடிக்காதவர்கள்' என்று பல ஆய்வுகளில் எண்ணப்பட்டவர்களில், நோய் வந்ததால் குடியை விட்டவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால், கொஞ்சமாகக் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வரட்ரால் என்ற சத்தைப் புகழ்கிறார்கள். ஒரு லிட்டர் ஒயினில் அது இருப்பது சில மில்லிகிராம்தான்.

புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மதுபானங்களைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. 'பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது' என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என ஏழு இடத்துப் புற்றுநோய்களோடு மதுவுக்குத் தொடர்பு உண்டு. ஒயினுக்கு இதில் சலுகை இல்லை. சித்த மருத்துவமும் மது பித்தத்தை மிகுவிக்கும் என்றுதான் சொல்கிறது. ஆகவே, மருந்து என்ற பெயரில் யாரும் ஒயினை ஆரம்பிக்க வேண்டாம்.

அரிஷ்டம் மட்டும் குடிக்கலாமா?

நியாயமான கேள்வி. திராட்சாரிஷ்டத்திலும் வெல்லமும் தாதகிப்பூவும் சேர்த்து நொதிக்க வைப்பதால், தானாகவே சாராயச் சத்து உண்டாகிறது. பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். ஆனால் வேளைக்கு 15 முதல் 30 மில்லி, சம அளவு தண்ணீர் கலந்து, உணவுக்குப் பின், குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாள் வரை. 30 மில்லியில் 8 சதவீதம் என்றால் 2 கிராம் சாராயம்கூட இல்லை. ஒயின் கோப்பையில் 14 கிராம்! அளவும் காலமும் இருந்தால் மருந்து; இரண்டும் போனால் போதை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதைத்தான். வெல்லம் சேர்வதால் சர்க்கரை நோயாளிகள் அரிஷ்டத்தைக்கூட மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. குடியை விட்டவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவர்கள் தொடவே கூடாது

* கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்.
* கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை, வயிற்றுப்புண், கணைய அழற்சி உள்ளவர்கள்.
* இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும். தள்ளாட்டத்தைப் பார்த்து 'போதை' என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். உயிருக்கே ஆபத்து!
* தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மெட்ரோனிடசோல் சாப்பிடுபவர்கள்.
* குடியை விட்டவர்கள். "ஒயின்தானே மாப்ளே, ஒரு வாய்" என்று அவரை வற்புறுத்துகிறவர் நண்பர் அல்ல.
* வண்டி ஓட்டப் போகிறவர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்பதே சட்டத்தின் எல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கோப்பை ஒயினே அதைத் தொட்டுவிடலாம்.
* 21 வயது நிரம்பாதவர்கள். தமிழ்நாட்டில் சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

'வீட்லயே செய்யலாமே?'

கிறிஸ்துமஸ் நேரத்தில் இந்த ஆசை வரும். அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சுத்தமில்லாத ஜாடியில் பூஞ்சை பிடிக்கும். நொதிக்கும்போது இறுக்கி மூடினால் கண்ணாடி பாட்டில் வெடிக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். விலை மலிவு என்று லேபிள் இல்லாத, யாரோ கேனில் கொண்டுவந்த எதையும் வாங்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. குடித்த பிறகு கண் மங்கினால், வயிறு வலித்து வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால், கஷாயம், மோர் என்று வீட்டில் நேரம் கடத்தாதீர்கள். உடனே அரசு மருத்துவமனை! சித்த மருத்துவரான நானே சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஒரு கோப்பை

நண்பர்கள் கூடும் இன்பம் எதில் இருக்கிறது? கோப்பையை உயர்த்துவதில், ருசியைப் பற்றிச் சண்டை போடுவதில், பழைய கதை பேசுவதில். இதற்குச் சாராயம் தேவையா என்ன?

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலையும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். அரை கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம். விதை அரைபட்டால் கசக்கும். தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள், அரை மூடி எலுமிச்சைச் சாறு, தேவையானால் கொஞ்சம் பனங்கற்கண்டு சேருங்கள். குளிர்ந்த தண்ணீர் விட்டு விளாவினால் ஆறு பேருக்குப் போதும். ஒயினுக்கு உள்ள நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு எல்லாம் இதில் உண்டு. சித்த மருத்துவத்தில் கொடிமுந்திரி என்று சொல்லும் திராட்சை தாகத்தைத் தணிக்கும், பித்தத்தை அடக்கும், மலச்சிக்கலுக்கும் நல்லது. சர்க்கரை நோயாளிகள் சாறுக்குப் பதிலாக, நான்கைந்து பழத்தைத் தோலோடு மென்று தின்னட்டும்.

அடுத்த முறை நண்பர்கள் வரும்போது ஒரு விளையாட்டு வையுங்கள். பன்னீர் திராட்சை, பச்சைத் திராட்சை, நன்னாரி, நெல்லிக்காய் என்று நான்கு சர்பத்துகளைப் பெயர் மறைத்து வைத்து, "எது எதுன்னு சொல்லு மச்சான், பார்க்கலாம்" என்று கேளுங்கள். பெண்கள், பிள்ளைகள், வயதான அப்பா எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து கலந்துகொள்ளலாம். விருந்து முடிந்ததும் அவரவர் வண்டியை அவரவரே ஓட்டிக்கொண்டு பத்திரமாக வீடு போய்ச் சேரலாம். செலவும் கம்மி. மறுநாள் காலையில் தலைவலியும் இருக்காது!