கூச்சலும் கட்டுப்பாடும்

மேல்நாட்டில் 'பங்க்' என்று ஒருவகைச் சங்கீதம் உண்டு. காதைத் துளைக்கும் கிதார், இடி முழங்குவது போன்ற டிரம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் பாட்டு. பிள்ளைகள் இதை வீட்டில் வைத்துக் கேட்டால், பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இச் சங்கீதம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. ஆனால் கச்சேரியும் சினிமாவும் சேர்ந்த ஓர் இரவை அந்த வாலிபர்கள் தாமே நடத்தும் முறை, நாம் அவசியம் அறிய வேண்டிய விஷயம்.

கச்சேரிக்குச் சினிமா எதற்கு? இதன் வரலாறு லண்டனில் இருக்கிறது. 1977-ம் வருஷம் அங்கே 'ராக்ஸி' என்னும் சிறு விடுதியில் இசைத்தட்டுப் போடும் வேலையில் இருந்தவர் டான் லெட்ஸ். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் புதல்வர். பங்க் இசைத்தட்டுகள் அப்போது அதிகம் வெளிவராததால், ஜமைக்காவின் ரெகே தட்டுகளையே போட்டு வந்தார். மேடையில் நடந்ததைக் கையடக்கமான 'சூப்பர் 8' காமிராவில் படம் பிடித்தார். அதுவே 1978-ல் 'தி பங்க் ராக் மூவி' என்ற பெயரில் வெளிவந்தது. கச்சேரி அன்றிரவோடு மறைந்துவிடும். படமோ பின்வருவோருக்காக நிற்கும். முதலில் திரையில் படம், பிறகு மேடையில் கச்சேரி என்று நிகழ்ச்சி அமைப்பதன் கருத்து இதுதான்.

சரி, இதற்கு இடம் வேண்டுமே! அமெரிக்காவில் இத்தகைய விடுதிகள் பெரும்பாலும் மது விற்பனையை நம்பிப் பிழைப்பவை. 21 வயது நிரம்பாதவர்க்கு மது கொடுப்பது சட்ட விரோதம். ஆகவே பல விடுதிகளில் அவர்கள் உள்ளே நுழையவும் முடியாது. யாருக்காகச் சங்கீதமோ அவர்களே வெளியில் நிற்க வேண்டிய நிலை!

கலிபோர்னியா மாகாணத்தில் பெர்க்லி நகரத்து வாலிபர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 'மாக்ஸிமம் ராக் அண்டு ரோல்' பத்திரிகையை நடத்திய டிம் யோஹானன் முதலியோர் கில்மன் தெரு 924-ம் எண்ணில் ஒரு கூடத்தை ஏற்படுத்தி, 1986 டிசம்பர் 31-ந் தேதி கதவைத் திறந்தார்கள். மது கூடாது, போதைப் பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனத்தையோ பெண்களையோ இழிவு செய்தல் கூடாது என்பவை விதிகள். எந்த வயதினரும் வரலாம். வருஷச் சந்தா ஆரம்பத்தில் 2 டாலர்தான்.

மது வருமானம் இல்லாத இடத்தைத் தொண்டர்களின் உழைப்புத்தான் தாங்கவேண்டும். பள்ளி ஆண்டு விழா நடத்தியவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். படத்தின் உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். கூட்டம் சேருமுன், பிற்பகலிலேயே ஒலிபெருக்கிகளைச் சோதித்துவிட வேண்டும். வாசலில் சீட்டுக் கொடுக்க ஒருவர், உள்ளே சண்டை மூளாமல் கவனிக்கச் சிலர், வெளியூர் வாத்தியக்காரர்களுக்குச் சேரவேண்டியதைக் கணக்காக எண்ணிக் கொடுக்க ஒருவர் வேண்டும். எல்லாம் முடிந்து துடைப்பம் எடுப்பதற்கும் ஆள் வேண்டும்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. 1988-ல் முதலில் நடத்தியவர்கள் கைவிட்டனர். தொண்டர்களே பொறுப்பேற்று மீண்டும் திறந்தனர். 1994 மே மாதம், 'டெட் கென்னடீஸ்' குழுவின் பழைய பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவை, கொள்கையை விற்றவர் என்று ஏசி, அந்தக் கூடத்திலேயே சிலர் அடித்து வீழ்த்தினர். அவர் காலில் பலத்த காயம். சுவரில் விதியை எழுதிவிட்டால் மட்டும் போதாது; அதைக் காக்க ஒவ்வோர் இரவும் மனிதர் நிற்கவேண்டும் என்பதற்கு இந்தத் துயரச் சம்பவமே சான்று.

பெரிய இசைத்தட்டுக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தவர்க்கு அங்கே மேடை இல்லை என்பதும் ஒரு விதி. அங்கே வளர்ந்த 'கிரீன் டே' குழுவினர் 1993-ல் அவ்வாறு ஒப்பந்தம் செய்தார்கள். மறு வருஷம் வெளியான அவர்களுடைய இசைத்தட்டு நாளடைவில் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆயினும் தாய்வீட்டுக் கதவு அவர்களுக்கு அடைபட்டது! விதி சற்றுக் கடுமைதான். ஆனால், வேறு மேடை கிடைக்காதவர்களுக்காக ஏற்பட்ட மேடை அல்லவா அது? 2015-ல், தீ விபத்தில் நஷ்டமடைந்த ஒரு புத்தகப் பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டுவதற்காக அதே குழுவினர் மீண்டும் அங்கே வாசித்தார்கள். அந்த வட்டாரத்தின் கதையும் 2017-ல், 'டர்ன் இட் அரவுண்ட்' என்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட படமாகிவிட்டது.

கூச்சலைக் கேட்டுவிட்டு, கட்டுப்பாடில்லாத பிள்ளைகள் என்று சொல்வது சுலபம். வாசலில் நின்று சீட்டுக் கொடுத்து, கணக்குப் பார்த்து, நள்ளிரவில் கூடத்தைப் பெருக்கிப் பூட்டிச் செல்லும் பிள்ளைகளிடம் அவ்வாறு சொல்ல நமக்கு வாய் வருமா? அடுத்த முறை நம் வீட்டு வாலிபன் ஒரு கூடத்தின் சாவியைக் கேட்டால், அங்கே என்ன பாடப் போகிறான் என்று கேட்பதற்கு முன், யார் யார் என்ன வேலையை ஏற்றிருக்கிறார்கள் என்று கேட்போம். அதற்கு அவன் நேராகப் பதில் சொன்னால், தாராளமாகச் சாவியைக் கொடுக்கலாம்.