முந்நூறு ரூபாய் கூடியது, மருத்துவம் போனது

20,900 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளிக்கு ஏப்ரல் முதல் தேதியில் 300 ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிட்டார். இஎஸ்ஐ பிடித்தம் நின்று, கையில் இன்னும் 157 ரூபாய் மிஞ்சும். பதிலுக்கு அவரும் மனைவியும் பிள்ளைகளும் அவரை நம்பியிருக்கும் பெற்றோரும் அந்த மருத்துவத் திட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என நீளும் இந்தத் தொழிற்பேட்டைகளில் காரும் டயரும் செல்போனும் செய்கிறவர்களில் பலரின் சம்பளம் இந்த எண்ணைச் சுற்றித்தான் நிற்கிறது.

1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியபோது வரம்பு மாதம் 400 ரூபாய். 2010-ல் 15,000 ஆனது, 2017 ஜனவரியில் 21,000 ஆனது. அதன்பின் 2025 முடியும்வரை அந்த எண் அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அப்படி நின்றிருந்தால் நாம் இதைப் பேசவே வேண்டாம்.

இழப்பு சிறியதல்ல. நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருந்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய், காசநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இருக்கும் அம்மாவுக்கு அங்கேயே மருந்து. நிறுவனங்கள் எடுத்துத் தரும் குழுக் காப்பீடுகள் பலவற்றில் பெற்றோருக்கு இடமில்லை, படுக்கையில் சேராமல் பெறும் சிகிச்சைக்குப் பணமும் இல்லை.

சரி, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றால், அதன் வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். இஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவரின் ஆண்டுச் சம்பளமோ 2,52,000-க்கு மேல். மத்திய அரசின் திட்டம் வெளியே தள்ளியவரை மாநில அரசின் திட்டம் பிடித்துக்கொள்ளாது. இரண்டையும் வகுத்தவர்கள் ஒருவர் மற்றவரின் எண்ணைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

கணக்கிடும் முறையிலும் குழப்பம்தான். ஓவர்டைம் பார்த்த பணம் 21,000 வரம்புக்குச் சேராது. ஆனால் சந்தா பிடிக்கும்போது அதையும் சேர்த்தே பிடிப்பார்கள். ஏப்ரல் முதல் தேதியில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் உடனே சந்தா நிற்கும். மே மாதம் தாண்டினால், அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை உள்ளேயே இருக்கலாம். ஊதிய உயர்வு அமலாகும் தேதி ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு முக்கியம் என்பதைச் சங்கங்கள்கூட அதிகம் பேசுவதில்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: அக்டோபர் முதல் மார்ச் வரை 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பயன் ஜூலை முதல் டிசம்பர் வரை உண்டு. மார்ச்சோடு சந்தா நின்றவர் கார்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் தக்கவைப்புப் படியும்தான் இனி ஊதியம். மற்ற படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியும் அதில் சேரும். இதனால் சிலர் மீண்டும் உள்ளே வரக்கூடும். ஆனால் ஒரு ரூபாய் கூடினால் மொத்தமும் போகும் என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது.

குடும்பமாகப் பார்த்தால் நெருக்கடி இன்னும் கூடுகிறது. 2023 செப்டம்பர் 15-ல் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான், குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். குடும்பம் என்பது ரேஷன் கார்டில் உள்ளவர்கள். ஊரில் அப்பா மாதம் 8,000 சம்பாதிக்கிறார், வல்லம் வடகால் விடுதியில் தங்கி வேலை செய்யும் மகள் 15,000 வாங்குகிறாள். ஆண்டுக்கு 2,76,000. விதிப்படி அம்மாவுக்கு அந்த ஆயிரம் ரூபாய் கிடையாது. மகள் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் செலவழித்து மீதியை எவ்வளவு அனுப்புகிறாள் என்று அந்த விதி கேட்பதில்லை. முதல் தலைமுறையாக ஒரு பெண் மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கியதும், அவளுடைய தாயின் பெயர் பட்டியலிலிருந்து போகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழி தெரியாமல் இல்லை. வருங்கால வைப்பு நிதியில் வரம்பு 15,000 ரூபாய். ஆனால் உறுப்பினரான ஒருவர் அதைத் தாண்டினால் யாரும் அவரை வெளியேற்றுவதில்லை; சந்தாவை 15,000-க்கு மட்டும் கணக்கிட்டுத் தொடரலாம். இஎஸ்ஐ-க்கும் அதையே செய்யலாம். 21,000-க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 157 ரூபாய் 50 காசு. நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 682 ரூபாய் 50 காசு. சம்பளம் 25,000 ஆனாலும் 30,000 ஆனாலும் மாதம் இந்த 840 ரூபாயை வாங்கிக்கொண்டு அந்தக் குடும்பத்தை உள்ளேயே வைத்திருக்கட்டும்.