கம்பியும் கட்டளையும் – 14: ஒருவருக்கு ஓர் ஆணை, மூன்று மாவட்டங்களுக்கு ஓர் ஆணை

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை ஐந்து நாட்களுக்கு நிறுத்திவைக்கும் ஆணையைத் தமிழக உள்துறை 2018 மே 23 அன்று பிறப்பித்தது. முந்தைய நாள், ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில், தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவுவதைத் தடுக்கவே இணையத்தை நிறுத்துவதாக அரசு சொன்னது.

இந்த ஆணைக்கு வேரான 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவைச் சென்ற இதழ் விரிவாகவே பார்த்தது. 2013 ஜூலையில் தந்தி போயிற்று, பிரிவு மட்டும் நிலைத்தது. அதற்கு மேல் மீண்டும் சொல்ல இடமில்லை. இந்த வாரம் வரவேண்டியது இணையத் தடை பற்றிய அனுராதா பாசின் வழக்கு. நடுவே ஒரு பழைய வரைபடம் வந்து குறுக்கே நிற்கிறது.

தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபரில்தான். தென்காசி பிரிந்தது 2019 நவம்பரில். ஆகவே 2018 ஆணையிலிருந்து கன்னியாகுமரியை மட்டும் எடுத்துவிட்டால், எஞ்சுவது பெரும்பாலும் பிரிட்டிஷார் காலத்துத் திருநெல்வேலி மாவட்டம். சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1918இல், அதே நிலப்பரப்பை எல்லையாகக் காட்டி இன்னோர் ஆணை வந்திருக்கிறது. அது ஒரே ஓர் ஆளுக்கானது.

புதுச்சேரியை விட்டு வெளியேறிய சுப்பிரமணிய பாரதி 1918 நவம்பர் 20 அன்று கடலூர் அருகே கைதானார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றோர் தலையிட்டபின் டிசம்பர் 14 அன்று நிபந்தனைகளோடு விடுதலை கிடைத்தது. திருநெல்வேலி மாவட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும். அரசியலில் இறங்கக் கூடாது. எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் குற்றப் புலனாய்வுத் துறையின் உயரதிகாரிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். பாரதி மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார்.

மூன்றாவது நிபந்தனைதான் இத்தொடருக்கு முக்கியம். பத்திரிகையை மூடுவது, ஆசிரியரைச் சிறையிலடைப்பது, பிரதிகள் எல்லை தாண்டாமல் மறிப்பது ஆகிய மூன்றையும் அரசு பாரதியின் ‘இந்தியா’ இதழின் மீது ஏற்கெனவே பிரயோகித்துப் பார்த்திருந்தது. இப்போது தடை கையெழுத்துப் பிரதிக்கே வந்துவிட்டது. அப்படியும் பாரதி அடங்கியிருக்கவில்லை. 1919இல் சென்னைக்குச் சென்று காந்தியைச் சந்தித்தார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்று 1920இல் கடையத்திலிருந்தபடியே திட்டம் போட்டார். இன்றைய தமிழ்ப் பதிப்பாளர் பலருக்கும் தலைசுற்றும் எண்ணிக்கை அது. அந்த ஆண்டு கட்டுப்பாடுகள் நீங்கின. நவம்பரில் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகைக்குத் திரும்பினார்.

1918 ஆணை கொடுமையானதுதான். ஆனால் அதில் ஒரு பெயர் இருந்தது. எது தடை, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது பாரதிக்குத் தெரியும். 2018இல் கடையமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே கைபேசி வைத்திருந்த எவருடைய பெயரும் ஆணையில் இல்லை. அனுமதி கேட்கவும் இடமில்லை.

அன்றைய நடைமுறை அப்படி அமைந்திருந்தது. அரசிடம் தனியாக ஒரு சுவிட்ச் கிடையாது. 2017 ஆகஸ்டில் வந்த தொலைத்தொடர்புத் தற்காலிக நிறுத்த விதிகளின்படி உள்துறைச் செயலர் கையொப்பமிட்டார், எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி அதைத் தொலைபேசி நிறுவனங்களின் பொறுப்பு அலுவலர்களிடம் சேர்த்தார். நிறுவனங்கள் தங்கள் கோபுரங்களில் இணையத்தை அடைத்தன. ஆணையைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்ற வரி அந்த விதிகளில் இருக்கவில்லை. எல்லை மாவட்டக் கணக்கில் விழுந்ததால் கோவில்பட்டிக்கு இணையம் இல்லை. அடுத்துள்ள சாத்தூர் விருதுநகர் மாவட்டம் என்பதால் தப்பியது.

ஆணையைச் சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழு இருந்தது. தலைமைச் செயலர், சட்டத்துறைச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர் ஆகிய மூவரும் அரசு அதிகாரிகளே. அந்த விதிகளின்படி ஐந்து வேலை நாட்களுக்குள் குழு கூட வேண்டியிருந்தது. இங்கே நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. மே 23 புதன்கிழமை. சனி, ஞாயிறைக் கழித்தால் ஐந்தாவது வேலை நாள் மே 30. தடையோ மே 27 ஞாயிறன்றே முடிகிறது. தடை முடிந்து மூன்று நாள் கழித்துக் கூடினாலும் குழு விதிப்படியே நடந்ததாகும். கூடவா வேண்டாமா என்று குழுவே யோசிக்கும்படியான ஏற்பாடு.

வேகம் காட்டியது நீதிமன்றம். துப்பாக்கிச் சூடு நடந்தது தூத்துக்குடியில். திருநெல்வேலிக்கும் கன்னியாகுமரிக்கும் எதற்குத் தடை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மே 25 அன்று கேட்டது. கெடு முடியுமுன்பே அவ்விரு மாவட்டங்களிலும் இணையம் திரும்பியது.

ஆணையை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதே அனுராதா பாசின் தீர்ப்பு. காஷ்மீரில் தொடங்கிய அந்த வழக்கும், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் அடுத்த இதழில்.