பருத்தி விளைந்த நாட்டில் துணி இல்லை: அமெரிக்கப் போர் மும்பையை மாற்றிய கதை

மும்பை: செம்பூரில் இருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் நோக்கிச் செல்லும் துறைமுக வழித்தட மின்சார ரயில், சிவ்ரியைக் கடந்ததும் 'காட்டன் கிரீன்' என்ற நிலையத்தில் நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் வேலைக்குச் செல்வோரில் பலருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர் மட்டுமே. பஞ்சுப் பொதிகளைக் குவித்து வைத்து விலை பேசிய திறந்தவெளிச் சந்தைக்கு வழங்கிய பெயர் அது. இன்றைய ஹார்னிமன் சர்க்கிள் இருக்கும் இடத்தில் தொடங்கிய அந்தச் சந்தை, 1844-இல் கொலாபாவுக்கும், 20-ஆம் நூற்றாண்டில் சிவ்ரி பகுதிக்கும் இடம் மாறியது.

அந்தச் சந்தையின் வரலாற்றில் மிகப் பெரிய ஏற்றமும் வீழ்ச்சியும் மும்பையில் எடுக்கப்பட்ட முடிவுகளால் நேர்ந்தவை அல்ல. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரே அவற்றுக்குக் காரணம். அந்தப் போர் அமெரிக்க வீடுகளில் உடைத் தட்டுப்பாட்டையும், மும்பையில் பண வெள்ளத்தையும், தக்காணத்து உழவர்களுக்குத் தீராக் கடனையும் விட்டுச் சென்றது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பருத்தி நாட்டில் துணிப் பஞ்சம்

போருக்கு முன்பு அமெரிக்காவின் தென் மாநிலங்களே உலகின் முதன்மையான பருத்தி வயல்களாக இருந்தன. அங்கு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த சுமார் 40 லட்சம் கறுப்பின மக்களில் பெரும்பகுதியினரின் உழைப்பில் பருத்தி விளைந்தது. அதனை விளைவித்தவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு உடுப்புகள் என்ற அளவில் முரட்டுத் துணியே வழங்கப்பட்டது. அந்த மலிவுத் துணியில் கணிசமான பங்கு, வடக்கே உள்ள ரோட் ஐலண்ட் மாநில ஆலைகளில் நெய்யப்பட்டு மீண்டும் தெற்கே விற்கப்பட்டது.

தென் மாநிலங்களின் பலவீனம் இதில்தான் அடங்கியிருந்தது. அங்கு பஞ்சு இருந்தது; ஆனால் பஞ்சை நூலாகவும் துணியாகவும் மாற்றும் ஆலைகளில் பெரும்பாலானவை மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வட மாநிலங்களிலும் இங்கிலாந்தின் லங்காஷயரிலும் இருந்தன. 1861 ஏப்ரலில் போர் மூண்டதும், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஆணையிட்டார். பஞ்சு வெளியே செல்லவில்லை. துணியும் காலணியும் மருந்தும் உள்ளே வரவில்லை.

இதனால் பல குடும்பங்கள் பரண்களில் கிடந்த இராட்டைகளையும் தறிகளையும் மீண்டும் இறக்கின. பஞ்சைக் கோதுவதற்கான கம்பிச் சீப்புகள்கூட வெளியிலிருந்து வர வேண்டியிருந்ததால் அவற்றுக்கும் தட்டுப்பாடு நிலவியது. சாம்பல் நிறச் சீருடைக்குரிய சாயம் கிடைக்காதபோது, பட்டர்நட் என்னும் மரத்தின் பட்டையையும் காய்த்தோலையும் கொதிக்க வைத்துத் துணிக்குப் பழுப்பு நிறம் ஏற்றினர். தோல் தட்டுப்பாட்டால் மரத்தாலான அடிப்பாகம் கொண்ட காலணிகளும் வழக்கத்துக்கு வந்தன. காபிக்கு மாற்றாக வெண்டை விதையையும் ஓக் மரக் கொட்டையையும் வறுத்துப் பொடித்தனர். 1863 ஏப்ரல் 2 அன்று, தென் மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டில் உணவு கேட்டுத் திரண்ட பெண்கள் கடைகளைச் சூறையாடினர்.

வடக்கே சீருடை தைத்தவர்கள்

ஆலைகள் நிறைந்த வட மாநிலங்களிலும் தொடக்கத்தில் குழப்பமே நிலவியது. இலட்சக்கணக்கான படைவீரர்களுக்கு ஒரே நேரத்தில் சீருடை தேவைப்பட்டதால், சில ஒப்பந்ததாரர்கள் பழைய கம்பளிக் கிழிசல்களை அரைத்து மறுபடி நெய்த 'ஷாடி' என்ற துணியில் சீருடை தைத்துக் கொடுத்தனர். மழையில் நனைந்ததும் அது பிரிந்து போனது. தரக்குறைவான எதையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிக்கும் வழக்கம் பரவியதற்கு இந்த முறைகேடே காரணம்.

பின்னர் படைத்துறை நேரடியாகத் தையல் பணியை மேற்கொண்டது. பிலடெல்பியாவில் இருந்த ஷூல்கில் படைக்கலக் கிடங்கில் துணியை வெட்டிக் கட்டுகளாக வழங்கினர். பெண்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்து, எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றனர். அவர்களில் படைவீரர்களின் மனைவியரும் கைம்பெண்களும் பலர். தாராவியின் தையல் கூடங்களில் இன்று 'பீஸ் ரேட்' என்று அழைக்கப்படும் முறையும் இதுவே. பல அளவுகளில் ஆயத்த ஆடைகளைப் பெருமளவில் தைத்து வைக்கும் வழக்கத்தை அந்தப் போர் விரைவுபடுத்தியது.

மும்பைக்கு வந்த பணம்

லங்காஷயர் ஆலைகள் தங்களுக்குத் தேவையான பஞ்சில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்காவில் இருந்தே பெற்று வந்தன. முற்றுகையால் அது நின்றதும் ஆலைகள் மூடப்பட்டன. 1862-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு ஏறத்தாழ 5 லட்சம் பேர் நிவாரண உதவியில் வாழ்ந்தனர். மாற்று வழியைத் தேடிய ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியா மீது திரும்பியது. 1860-இல் பிரிட்டன் வாங்கிய பஞ்சில் இந்தியாவின் பங்கு சுமார் 16 சதவீதம். 1862-இல் அது சுமார் 75 சதவீதமாக உயர்ந்தது.

குஜராத், கான்தேஷ், பேரார் ஆகிய பகுதிகளின் பஞ்சு பம்பாய் துறைமுகத்தில் குவிந்தது. 1863-இல் போர் காட் மலைப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதும் தக்காணத்தில் இருந்து சரக்கு வருவது எளிதானது. தெற்கே திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. இந்தியப் பஞ்சு இழை குட்டையானது, தூசி மிகுந்தது என்று லங்காஷயரில் புகார்கள் எழுந்தன. கலப்படத்தைத் தடுக்கப் பம்பாய் அரசு 1863-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆயினும் விலை ஏறிக்கொண்டே சென்றது. லிவர்பூல் சந்தையில் போருக்கு முன்பு ஒரு பவுண்டு எடைக்கு 7 பென்ஸ் அளவில் இருந்த அமெரிக்கப் பஞ்சின் விலை, 1864-இல் சுமார் நான்கு மடங்கானது. மெத்தையைப் பிரித்து அதிலிருந்த பஞ்சையும் பம்பாய்வாசிகள் விற்றதாகச் சொல்லப்படுவது உண்டு.

வழக்கமான வருவாயை விட 7 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை அந்த ஆண்டுகளில் நகருக்குள் வந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அந்தப் பணம் பங்குச் சந்தையை நாடியது. தரகர் பிரேம்சந்த் ராய்சந்த் அந்தக் காலத்தின் முடிசூடா மன்னராக விளங்கினார். கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட பேக் பே நிறுவனத்தின் 5,000 ரூபாய் பங்கு, அதைப் போலப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. வங்கிகள் பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கின.

அமைதி வந்தது, சந்தை சரிந்தது

1865 ஏப்ரல் 9 அன்று தென் மாநிலப் படைத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தார். அச்செய்தி சில வாரங்களில் பம்பாயை எட்டியதும் பஞ்சு விலை வீழ்ந்தது. பங்குப் பேரங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாளான 1865 ஜூலை 1 அன்று பெரும்பாலான வணிகர்களால் பணம் செலுத்த இயலவில்லை. நிறுவனங்கள் அடுத்தடுத்து நொடித்தன. பிரேம்சந்தும் திவாலானார். அரசின் பங்கு முதலீடு பெற்றிருந்த பம்பாய் வங்கியே 1868-இல் கலைக்கப்பட்டது. 1864-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8.16 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை, 1872-இல் 6.44 லட்சமாகச் சுருங்கியது.

நகருக்கு எஞ்சியவையும் உண்டு. பம்பாய் பல்கலைக்கழக வளாகத்தில் பிரேம்சந்தின் கொடையால் எழுந்து 1878-இல் நிறைவடைந்த கடிகாரக் கோபுரம், அவரது தாயாரின் பெயரால் ராஜாபாய் கோபுரம் என வழங்கப்படுகிறது. பஞ்சை விற்பதை விட அதை நூலாக்கி விற்பதே நிலையானது என்ற பாடத்தையும் வணிகர்கள் கற்றனர். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் நிறுவிய நூற்பாலையைத் தொடர்ந்து, 1870-களில் பம்பாயில் ஆலைகள் பெருகின. சரிவில் அடிபட்ட வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாம்ஷெட்ஜி டாடா, 1869-இல் சிஞ்ச்போக்லியில் பழைய எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி நூற்பாலையாக மாற்றினார்.

கடனில் மூழ்கிய உழவர்கள்

இலாபமும் இழப்பும் சமமாகப் பங்கிடப்படவில்லை. விலை ஏறிய ஆண்டுகளில் சாவுகார்கள் உழவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தனர். உழவர்களும் நிலத்தில் பருத்தியை விரிவாக்கினர். விலை வீழ்ந்தபோது வருவாய் குறைந்தது, வட்டி குறையவில்லை, நிலவரியோ உயர்த்தப்பட்டது. 1875 மே 12 அன்று புணே மாவட்டத்தின் சுபா என்ற ஊரில் உழவர்கள் திரண்டு, சாவுகார்களின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் தீயிட்டுக் கொளுத்தினர். தக்காணக் கலவரம் என வரலாற்றில் இடம்பெற்ற இந்த எழுச்சியைத் தொடர்ந்து, உழவர்களைக் காக்க 1879-இல் சட்டம் இயற்றப்பட்டது.

கைத்தறி நெசவாளர்களுக்கோ விலை ஏறிய காலமே துன்பக் காலமாக இருந்தது. பஞ்சும் நூலும் விலை ஏறிய அளவுக்குத் துணிக்கு விலை கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கில் நேர்ந்ததைப் போலவே, பஞ்சு விளைந்த இந்திய ஊர்களிலும் நெய்பவர் கைக்கு அது எட்டாமல் போனது.

தாராவிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஆலைகளால் தொழில் நகரமாக மாறிய பம்பாய், நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் மக்களை ஈர்த்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதித் தமிழர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து சேர்ந்தனர். எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் பின்னர் மாட்டுங்காவிலும், தொடர்ந்து செம்பூரிலும் குடியேறின. 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் மும்பையின் பஞ்சாலைகள் பலவும் மூடப்பட்டன. ஆயத்த ஆடைத் தொழில் தாராவி போன்ற இடங்களின் சிறு கூடங்களில் நிலைகொண்டது.

தொலைதூர முடிவுகளின் தாக்கம் இன்றும் மாறவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, திருப்பூர் பின்னலாடைத் துறை உடனடியாக நெருக்கடிக்கு உள்ளானது. அதே மாதம், ஆலைகளுக்கு உதவும் நோக்கில் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியபோது, விலை குறையும் என்று பருத்தி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

வெளிநாட்டு ஆர்டர் வரும்போது இரவுபகலாகத் தைப்பவரும், அது நிற்கும்போது முதலில் வேலை இழப்பவரும் பீஸ் ரேட் தொழிலாளியே. விலை ஏறும்போது கிடைப்பதில் அவருக்கும் உழவருக்கும் உரிய பங்கும், விலை சரியும்போது தாங்கிப்பிடிக்க ஓர் ஏற்பாடும் வேண்டும் என்பதே 1865-ஆம் ஆண்டின் சரிவு விட்டுச் சென்றுள்ள பாடம்.