பழைய படத்திருத்தியும் இற்றைப்படுத்தற் கோளாறும்

நிழற்படங்களைக் கணினியில் வைத்துத் திருத்தும் தொழிலில் போட்டோஷொப் என்னும் மென்பொருள் பெற்றுள்ள இடம் பெரிது. தோமஸ் நொல், ஜோன் நொல் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் உருவாக்கிய இம்மென்பொருளை அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2012இல் வந்த சி.எஸ்.6 என்னும் பதிப்பே ஒருமுறை விலை கொடுத்து என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளக் கூடியதாய் இருந்த கடைசிப் பதிப்பாகும். 2013 முதல் வந்த பதிப்புகள் வாடகை வீட்டை ஒத்தவை. சந்தா நின்றால் கதவும் அடைபடும். ஆதலாற் சொந்த வீட்டை விட்டுப் பெயர மனமில்லாத படப்பிடிப்பாளர் பலர் பழைய பதிப்புகளையே பேணி வருகின்றனர். ‘இற்றைப்படுத்தல் தோல்வியுற்றது’ என்ற அறிவிப்பை ஒரு நாள் திரையிற் கண்டு திகைப்பவர்களும் இவர்களே.

இற்றைப்படுத்தல் என்பது, பலர் எண்ணுமாறு, பழையதை முற்றாக அகற்றிப் புதியதை வைத்தலன்று. சட்டைக்கு ஒட்டுப் போடும் தையற்காரர் கிழிசலின் அளவை எடுத்து அதற்கேற்பவே துண்டை வெட்டுகிறார். சட்டை மாறினால் அத்துண்டு பொருந்தாது. பழைய போட்டோஷொப்புக்கு வரும் சிறிய ஒட்டுக் கோப்பும் இத்தகையதே. வன்தட்டில் உள்ள மூலக் கோப்புகள் தான் எதிர்பார்க்கும் இடத்தில், எதிர்பார்க்கும் பெயருடன், சிறிதும் மாறாமல் இருக்கின்றனவா என்று அது முதலிற் பார்க்கும். ஒன்று பிசகினாலும் வேலையை நிறுத்திவிடும். இப்பிடிவாதம் குறையன்று, அரைகுறையாக ஒட்டுப் போடப்பட்ட மென்பொருளை நம்பிப் படங்களை ஒப்படைக்க இயலாது.

இடம் போதவில்லை என்று மென்பொருளின் கோப்புறையை வேறொரு வன்தட்டுக்கு நகர்த்தியவர், அதன் பெயரை மாற்றியவர், வேண்டாதவை என்று எண்ணிச் சில துணைக் கோப்புகளை அழித்தவர் ஆகியோர் முதலிற் செய்யவேண்டியது, எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதேயாகும். இன்னொரு வகையினரும் உளர். உரிமமில்லாத பிரதியை இயக்கும் பொருட்டு, கணினியின் ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் கோப்பில் அடோபியின் முகவரிகளுக்குத் தடை எழுதிவைத்தவர்கள் அவர்கள். வாசலைத் தாமே பூட்டிவிட்டுத் தபாற்காரரை நோவதிற் பயனில்லை. ஆயினும் பாவித்த கணினியை வாங்கியவர் இத்தடையை அறியாதிருத்தல் கூடும்; அவர் அக்கோப்பைத் திறந்து பார்த்தல் தகும்.

போட்டோஷொப்போ அதன் துணையான பிரிட்ஜோ பின்னணியில் இயங்கிக்கொண்டிருந்தாலும், வன்தட்டில் இடம் குறைந்தாலும், நிருவாகி உரிமையில்லாத கணக்கில் நுழைந்திருந்தாலும் இதே தோல்வி நேரும். எது காரணம் என்று ஊகித்துக் காலம் கழிக்க வேண்டுவதில்லை. நிறுவும் மென்பொருள் தான் செய்த ஒவ்வொரு செயலையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறது. விண்டோஸ் கணினியிற் பொதுக் கோப்புகளுக்குரிய கோப்புறையுள் அடோபி என்பதன் கீழ், ‘இன்ஸ்டோலர்ஸ்’ என்னும் இடத்தில் அது சுருக்கிய கோப்பாய்க் கிடக்கும். அதன் கடைசி வரிகளிலிருந்து மேல்நோக்கிப் படித்துச் சென்றால், எந்தக் கோப்பில் வேலை தடைப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இவை யாவும் வீட்டுக்குள் இருக்கும் குறைகள். வீதியில் உள்ள குறை வேறு. இணையத் தொடர்பைக் காக்கும் மறையாக்க முறைகளுள் டி.எல்.எஸ். 1.0, 1.1 என்னும் இரண்டும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை மட்டுமே அறிந்த பழைய கணினியைப் புதிய சேவையகங்கள் ஏற்க மறுக்கின்றன. இங்கே மென்பொருளிற் பழுதில்லை. இருவருக்கும் பொதுவான மொழி இல்லாமற் போயிற்று, அவ்வளவே. தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் செத்துக் கணினியின் நாட்காட்டி பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தாலும் இவ்வாறே நேரும். சேவையகம் காட்டும் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராதது என்று கணினி கருதிவிடும். சில ரூபாய் மின்கலம் ஒன்றால் நீங்கக்கூடிய இக்குறைக்காகக் கணினியையே மாற்றியவர்களும் இருக்கக்கூடும்.

அப்பிள் கணினியாளரின் நிலை இன்னும் கடினம். 2019 ஒக்டோபரில் வெளிவந்த கற்றலினா இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை அறவே விலக்கியது. சி.எஸ்.6இன் போட்டோஷொப் 64 பிட்டில் அமைந்ததே. ஆனால் அதனை நிறுவும் பகுதி 32 பிட்டினது. கோயில் திறந்திருந்தும் கோபுரவாசல் அடைபட்டதைப் போன்ற நிலை இது. அத்தகையோர் பழைய இயங்குதளத்தோடு கூடிய கணினியொன்றைத் தனியே வைத்திருப்பதன்றி வேறு எளிய வழி இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இற்றைப்படுத்தல் தோற்றவுடன் மென்பொருளை முழுவதும் நீக்கி மீண்டும் நிறுவுமாறு அறிவுறுத்துவோர் பலர். பழைய பதிப்புக்கு இதுவே ஆபத்தான மருந்து. மீண்டும் நிறுவினால் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தும் சேவையகம் இன்றும் பதில் சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2005இல் வெளிவந்த சி.எஸ்.2 பதிப்புக்குரிய சேவையகத்தை அடோபி மூடியபோது, உறுதிப்படுத்தல் தேவைப்படாத பிரதியொன்றை 2013 சனவரியில் முன்னைய உரிமையாளருக்கு வழங்கியது. அது யாவர்க்கும் இலவசம் என்று உலகமெங்கும் செய்தி பரவ, நிறுவனம் மறுக்க வேண்டியதாயிற்று. எல்லாப் பதிப்புக்கும் அத்தகைய ஏற்பாடு கிடைக்கும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. இயங்கிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை நீக்குமுன், வன்தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுத்து வைத்தல் வேண்டும்.

இற்றைப்படுத்தல் உண்மையில் வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பலர் அதனைத் தேடுவது புதிய கமெராவின் ‘ரோ’ எனப்படும் மூலப் படங்களைத் திறப்பதற்காகவே. சி.எஸ்.6க்கு உரிய கமெரா ரோ செருகுநிரலின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்த 9.1.1. அதன் பின் வந்த கமெராக்களை எவ்வகை ஒட்டும் அதற்கு அறிமுகப்படுத்தாது. ஆனால் அடோபி இலவசமாக வழங்கும் டி.என்.ஜி. மாற்றி, புதிய கமெராவின் மூலப் படங்களை 2004இல் அறிமுகமான டி.என்.ஜி. வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அவ்வடிவத்தைப் பழைய போட்டோஷொப் தடையின்றித் திறக்கும். மாற்றியின் அமைப்பில் பழைய பதிப்புக்கு இணங்கும் தெரிவை முன்னதாகக் குறித்தல் வேண்டும். மாற்றிய பின்னரும் கமெரா தந்த மூலக் கோப்புகளை அழியாது வைத்திருத்தல் நலம்.