நைல் நதியில் மூன்று நாட்கள்



இருபது வருடப் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவருடைய வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டிருப்பீர்கள். அவருடைய வாப்பாவின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அவரோடு பிரயாணம் போய், இரண்டு இரவுகளாவது ஒன்றாகத் தங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால், அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

ஒருவரைப் பற்றி நற்சாட்சி சொல்ல வந்த மனிதரிடம், அவரோடு நீர் பிரயாணம் செய்ததுண்டா என்று உமர் (ரழி) அவர்கள் விசாரித்த செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 'ஸபர்' என்ற அரபுச் சொல்லின் மூலத்தில் திரையை விலக்குதல் என்ற கருத்து உண்டு. மனிதர்களின் குணத்தை வெளியே கொண்டுவருவதால்தான் பிரயாணத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் உஸ்தாத்மார் சொல்லித் தந்தார்கள். மத்ரஸாவில் நான் மனனம் செய்த அந்தப் பாடம் எனக்கு விளங்கியது பல வருடங்களுக்குப் பிறகு, நைல் நதியில், ஒரு பழைய பாய்த்தோணியில்.

ஐந்து பேரும் ஒரு தோணியும்

1998 இல் ஒரே வகுப்பில் ஓதி வெளியேறியவர்கள் நாங்கள் ஐந்து பேர். "ஒரு நாளைக்கு எல்லாரும் சேர்ந்து அஸ்ஹரைப் பார்க்கப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருபது வருடங்கள் போய்விட்டன. 2018 டிசம்பர் விடுமுறையில்தான் அல்லாஹ் அதற்கு வழி திறந்தான். கெய்ரோவில் சில நாட்கள் தங்கிவிட்டு, இரவு ரயிலில் சுமார் 900 கிலோமீற்றர் தெற்கே அஸ்வானுக்குப் போய் இறங்கினோம்.

அஸ்வானிலிருந்து வடக்கே கொம் ஒம்போ என்ற ஊர் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். வாகனத்தில் ஒரு மணித்தியாலப் பயணம். நாங்கள் பேசிய ஃபலூக்காத் தோணிக்கோ இரண்டு இரவும் மூன்று பகலும் வேண்டும். கணக்கு வழக்குகளில் கெட்டிக்காரரான மாவனல்லை நண்பருக்கு இது ஏறவில்லை. "ஒரு மணித்தியாலத்துல போற எடத்துக்கு மூணு நாளா மச்சான்?" என்று கரையில் நின்று வாதாடினார். நாங்கள் நால்வரும் ஏறிவிட்டதால் அவரும் ஏறினார்.

ஃபலூக்காவை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அகலமான, ஆழமில்லாத தோணி. கட்டையான தடித்த பாய்மரம். அதன் மேல் சரிவாக நிற்கும் மிக நீண்ட கழி. அந்தக் கழியில் கட்டிய ஒற்றை முக்கோணப் பாய். அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது. மேல்தட்டு முழுவதும் மெத்தை விரித்திருக்கிறார்கள். பகலில் அது இருக்கை, சாப்பாட்டு வேளையில் ஸஹன், இரவில் படுக்கை. பாயைச் சுருட்ட வேண்டுமானால் உதவியாள் வெறுங்காலோடு அந்தக் கழியிலே ஏறிப் போய்க் கட்டுவார். அதைப் பார்த்தபோது எங்கள் உள்ளங்கால் கூசியது.

தோணிக்காரரை அங்கே 'ரய்யிஸ்' என்று மரியாதையாக அழைக்கிறார்கள். எங்கள் ரய்யிஸ் அறுபதை நெருங்கிய நூபியர். நாங்கள் மத்ரஸா அரபியில் இஃராப் தவறாமல் பேச, செய்தி வாசிப்பவரைக் கேட்பதுபோல அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். அவருடைய பேச்சு வழக்கு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. மாலைக்குள் அவர் எங்களுக்காக மெதுவாகப் பேசப் பழகினார். நாங்களும் 'ஷுவய்ய ஷுவய்ய' என்று சொல்லப் பழகினோம். மெல்ல மெல்ல என்பது அதன் பொருள். அந்த ஆற்றின் சட்டமே அதுதான்.

காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம்

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அங்கே காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெற்கே போகிறவர் பாயை விரித்தால் போதும். காற்று அவரை நீரோட்டத்துக்கு எதிராகவே தள்ளிக்கொண்டு போகும். வடக்கே போகிறவரை ஆறு சுமந்து செல்லும். ஒரு போத்தல் பெற்றோல் இல்லாமல் போகவும் வரவும் முடிகின்ற ஆறு அது. பண்டைய எகிப்தியர் தமது சித்திர எழுத்தில் தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகையும், வடக்கே போவதைக் குறிக்கப் பாயில்லாத படகையும் வரைந்தார்கள்.

நாங்கள் போனது வடக்கே. காற்று முகத்துக்கு நேரே அடித்தது. நேராகப் போக வழியில்லை. ரய்யிஸ் தோணியைச் சரிவாகக் கிழக்குக் கரைப் பக்கம் ஓட்டுவார். கரையிலுள்ள பேரீச்ச மரங்கள் தலைக்கு மேலே வந்துவிட்டன என்று நினைக்கும் நேரத்தில் சுக்கானைத் திருப்புவார். பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் நிறையும். தோணி சாய்ந்து மேற்குக் கரையை நோக்கிப் போகும். இப்படி இங்குமங்குமாகப் போகின்ற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருப்போம். காற்று விழுந்துவிட்டால் ஆறே மெதுவாக இழுத்துக்கொண்டு போகும்.

தொழுகைக்குக் கரையில் ஒதுங்கினோம். ஓடும் தோணியில் தொழுதால், அது திரும்பத் திரும்ப நாமும் கிப்லாவுக்குத் திரும்ப வேண்டும் என்ற பிக்ஹுப் பாடத்தை ஒருவர் நினைவூட்ட, "இந்தத் தோணியில ஒரு ரக்அத்துக்குள்ள எத்தன தடவ திரும்புவீங்க?" என்று மற்றவர் கேட்க, சிரிப்புத்தான்.

1326 இல் இப்னு பதூதா இந்த ஆற்றோரமாகவே மேல் எகிப்துக்குப் பயணம் செய்தார். நைலில் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துச் செல்லத் தேவையில்லை, வேண்டிய இடத்தில் கரையேறி வுழூச் செய்யலாம், தொழலாம், கடையில் வாங்கலாம் என்ற கருத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவரே 1344 இல் நமது புத்தளத்தில் வந்து இறங்கியவர். அவித்த அவரைப் பருப்பும் ரொட்டியும், அஸ்வானுக்கே பேர்போன சிவந்த கர்கதே பானமும் சாப்பிட்டபடி அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனோம்.

நான் செய்த கேலி

இந்தச் சந்தோஷத்தில் ஒருவர் மட்டும் சேரவில்லை. எங்கள் எருக்கலம்பிட்டி நண்பர் முதல் நாள் முழுவதும் பாய்மரத்தின் அடியில் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தார். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவேயில்லை. தோணி சாயும்போதெல்லாம் அவர் உதடு அசையும்.

நான்தான் தொடங்கினேன். "என்ன மச்சான், கடலோர ஊரான் நீ, ஆத்துத் தண்ணியக் கண்டு பயப்புடுறியா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் விடவில்லை. அன்று மாலைவரை அதையே மாற்றி மாற்றிச் சொன்னேன். அதை எழுத இன்று வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

ரய்யிஸ் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, சுக்கானை அவர் கையில் கொடுத்தார். தன் கையையும் மேலே வைத்துக்கொண்டார். ளுஹருக்குள் ரய்யிஸ் தன் கையை எடுத்துவிட்டார். தோணி நண்பரின் சொல்லைக் கேட்டது. அவர் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இரண்டாம் இரவு

டிசம்பரில் அங்கே பொழுது சீக்கிரம் சாயும். இருட்டில் ஓட்ட ரய்யிஸ் சம்மதிக்கவில்லை. கரையில் கட்டி, விறகு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தோம். நல்ல குளிர். மாவனல்லை நண்பர் ரய்யிஸிடம், "உங்கள் ஊர் எது?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"என் ஊர் தண்ணீருக்கு அடியில்" என்றார் அவர்.

1960 இல் தொடங்கி 1970 இல் முடிந்த அஸ்வான் உயர் அணையைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். எகிப்துக்கு மின்சாரமும், வருடம் முழுவதும் பாசன நீரும் தந்த அணை. அதற்குப் பின்னால் தேங்கிய நீரில் நூபியரின் கிராமங்கள் மூழ்கின. 1963, 64 ஆம் ஆண்டுகளில் சுமார் ஐம்பதாயிரம் பேர் கொம் ஒம்போ பக்கத்துப் புதிய குடியேற்றங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆற்றிலிருந்து தள்ளி வரிசை வீடுகள் கிடைத்தன. ரய்யிஸ் அப்போது நான்கு வயதுப் பிள்ளை. உம்மாவின் மடியிலிருந்து படகில் வந்தது மட்டும் ஞாபகம் என்றார். வளர்ந்ததும் ஆற்றைத் தேடி வந்து தோணிக்காரரானாராம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் எருக்கலம்பிட்டி நண்பர் பேசத் தொடங்கினார். எங்களிடமல்ல, ரய்யிஸிடம். தமிழிலல்ல, மத்ரஸாவில் படித்த அதே அரபியில், சொல் சொல்லாகத் தேடி.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதின்மூன்று வயது. மன்னார்த் தீவின் கடற்கரையில் மழையில் காத்திருந்து, நெருக்கியடித்த வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்திருக்கிறார்கள். இருட்டு. அலை. மடியில் தங்கச்சி. முதுகில் பாடசாலைப் பை. கரையேறிய பிறகு அவருடைய உம்மா அழாமல், நனைந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கிடுகின் மேல் காய வைத்தாராம். அன்றைக்குப் பிறகு அவர் எந்தத் தோணியிலும் ஏறியதில்லை. இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு ஏறிய முதல் தோணி இதுதான்.

வாசகர்களே, அவரோடு ஒரே பாயில் படுத்து, ஒரே ஸஹனில் உண்டு ஏழு வருடங்கள் ஓதியவன் நான். அகதியாக வந்த பிள்ளை என்பது தெரியும். எப்படி வந்தாய் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

ரய்யிஸ் கேட்டார்: "உன் ஊர் இருக்கிறதா?"

"இருக்கிறது. வீட்டுச் சுவர் மட்டும் நிற்கிறதாம். 2009 க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை."

"நிலம் இருக்கிறதே மௌலானா! போய் உன் காலை வைத்துப் பார். எனக்கு அது முடியாது."

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேலி செஞ்சது நல்லம் மச்சான், இல்லாட்டி எறங்கிப் போயிருப்பேன்" என்றார். அது என் மனம் நோகாமலிருக்கச் சொன்னது என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பிற்பகல் கொம் ஒம்போவின் பழைய கோயில் தூண்கள் தெரிந்தன. இன்னும் ஒரு நாள் இருந்தால் நல்லது என்று சொன்னவர் யார் தெரியுமா? மூன்று நாளா என்று வாதாடிய அதே மாவனல்லை நண்பர்!

நீங்களும் போகலாம்

இப்படிப் பயணம் போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். கூலியையும் சாப்பாட்டையும் இறங்கும் இடத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளுக்குக் கம்பளியும் குடிக்கப் போத்தல் தண்ணீரும் தேவை. குப்பையை ஆற்றில் போடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். தோணிக்காரரை அவசரப்படுத்த வேண்டாம். காற்று உங்கள் மணிக்கூட்டைப் பார்த்து வீசுவதில்லை.

எகிப்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. புத்தளத்திலும் மட்டக்களப்பிலும் நீர்கொழும்பிலும் நமக்குக் களப்புகள் இருக்கின்றன. பழக்கமுள்ள ஓட்டியோடு ஒரு வள்ளம், அரை நாள் ஓய்வு, நான்கு நண்பர்கள் போதும். முக்கியமாக, கூட வருகிறவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

2019 ஓகஸ்ட் விடுமுறையில் எருக்கலம்பிட்டி நண்பர் தொலைபேசி எடுத்தார். ஊருக்குப் போகிறாராம். தனியாகப் போக மனம் வரவில்லையாம். நாங்கள் நால்வரும் கூடப் போனோம். அந்தச் சுவருக்குள்ளே ஒரு வேம்பு முளைத்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அதன் நிழலில் பாய் விரித்து, ஐந்து பேரும் ளுஹரைத் தொழுதோம்.